நுழைய மூன்று வாரம், வெளியேற ஒன்பது வருடம்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன: பலம் பொருந்திய ஒரு ராணுவம் இன்னொரு நாட்டுக்குள் புகுந்து, அதைப் பிடித்து வைத்து ஆள முடியுமா? ஆகவே மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டோம்.

கே: உலகத்திலேயே பெரிய ராணுவம் வைத்திருக்கும் நாடு நினைத்தால் எந்த நாட்டையும் பிடித்துவிடலாம்தானே? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

ப: நுழையலாம். தங்குவதுதான் பாடு. 2003 மார்ச் 20 அன்று ஈராக்கில் புகுந்த அமெரிக்கப் படை ஏப்ரல் 9-ல் பாக்தாத் நடுவே நின்றது. கடைசிப் பிரிவு எல்லை தாண்டி குவைத்துக்குள் திரும்பியது 2011 டிசம்பரில். பாக்தாத் விழும்வரை இறந்த அமெரிக்க வீரர்கள் நூற்றைம்பது பேருக்கும் குறைவு. அதன் பிறகு இறந்தவர்கள் நாலாயிரத்துக்கும் மேல். ஈராக்கியர் பக்கம் இழப்பு இதைப்போல் பல மடங்கு.

படையெடுப்பு ஒரு தொழில், ஆக்கிரமிப்பு வேறொரு தொழில். முதலாவதில் எதிரி சீருடை போட்டிருப்பான், அவன் டாங்கி படத்தில் தெரியும், தலைநகர் வரைபடத்தில் ஒரு புள்ளியாக இருக்கும். இரண்டாவதில் குழாயில் தண்ணீர் வர வேண்டும், ஆசிரியருக்குச் சம்பளம் போக வேண்டும், நள்ளிரவில் திருடன் வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று மக்களுக்குத் தெரிய வேண்டும். இந்த வேலைக்கு டாங்கி ஓட்டியால் பயன் இல்லை.

கே: எதிரியைப்போல் மூன்று மடங்கு ஆள் இருந்தால் வெற்றி என்கிறார்களே?

ப: அது அரண் அமைத்துக் காத்திருப்பவனை ஒரு குறிப்பிட்ட இடத்தில் உடைப்பதற்கான கணக்கு. நாடு முழுக்க மூன்று மடங்கு வேண்டாம்; உடைக்கும் இடத்தில் இருந்தால் போதும். 2003-ல் ஈராக் ராணுவம் தலைக்கணக்கில் சிறியதல்ல. ஆனால் வானம் முழுக்க எதிரியின் கையில் இருந்தது, தகவல் தொடர்பு அறுந்திருந்தது. எண்ணிக்கை உதவவில்லை.

கே: பிடித்த நாட்டை வைத்திருக்க எத்தனை பேர் வேண்டும்? அதற்கென்று ஏதாவது வாய்பாடு உண்டா?

ப: உண்டு. உள்ளூர் எதிர்ப்பு வலுவாக இருக்கும் நாட்டில் ஆயிரம் குடிமக்களுக்கு இருபது காவல் ஆட்கள் என்பது ராணுவ ஆய்வாளர்கள் அடிக்கடி சொல்லும் அளவு. வட அயர்லாந்து, மலாயா போன்ற இடங்களில் இருந்த விகிதத்தைப் பார்த்துச் சொன்னது. 2006-ல் வந்த அமெரிக்கத் தரைப்படைக் கையேடும் இதையே குறைந்தபட்ச அளவாக எடுத்துக்கொண்டது. ஈராக்கின் அன்றைய மக்கள் தொகை சுமார் இரண்டரைக் கோடி. ஆயிரத்துக்கு இருபது வீதம் போட்டால் ஐந்து லட்சம் பேர். அமெரிக்காவின் எண்ணிக்கை உச்சத்தில், 2007-ல், ஒரு லட்சத்து எழுபதாயிரத்தை ஒட்டியே இருந்தது. அன்றைய அமெரிக்கத் தரைப்படைத் தலைமைத் தளபதி எரிக் ஷின்செகி, படையெடுப்புக்கு ஒரு மாதம் முன்பு, ‘பல லட்சம் வீரர்கள்’ தேவைப்படலாம் என்று செனட் குழுவிடம் சொன்னார். பாதுகாப்பு அமைச்சகத்தின் சிவில் தலைமை அதை வெளிப்படையாக மறுத்தது. கணக்கில் யார் சரி என்று பிறகு தெரிந்தது.

ஐந்து லட்சத்தோடு முடிந்தால் பரவாயில்லை. ஒருவன் களத்தில் இருக்கும்போது இன்னொருவன் இப்போதுதான் திரும்பி வந்து ஓய்வில் இருப்பான், மூன்றாமவன் அடுத்த முறை போவதற்குப் பயிற்சியில் இருப்பான். ஆகவே ஒரு பிரிகேடை, அதாவது சில ஆயிரம் பேர் கொண்ட படைப்பிரிவை, தொடர்ந்து வெளிநாட்டில் நிறுத்த மூன்று பிரிகேட் கையில் வேண்டும். ஐந்து லட்சம் என்பது பதினைந்து லட்சமாகிறது. இவ்வளவு தரைப்படை வைத்திருக்கும் நாடுகள் உலகில் மிகக் குறைவு.

தெருவில் நிற்பவன் கணக்கு இதைவிட மோசம். ஒரு சோதனைச்சாவடியில் ஒரு நேரத்தில் பத்துப் பேர் என்று வையுங்கள். மூன்று ஷிப்டுக்கு முப்பது. விடுப்பு, காய்ச்சல், காயம் என்று ஐந்தாறு பேர் எப்போதும் குறைவார்கள், அதற்கு மாற்று வேண்டும். சாப்பாடும் தண்ணீரும் கொண்டு வரும் வண்டி, அந்த வண்டிக்குக் காவல், ரேடியோ அறை, வாகனப் பழுது எல்லாம் சேர்த்தால் ஒரே ஒரு நாற்சந்திக்கு ஐம்பது பேர் ஆகிவிடும். ஒரு பெருநகரில் இருநூறு சந்திப்பை மூட நினைத்தால் பத்தாயிரம் பேர். அவர்களில் எந்த நொடியிலும் துப்பாக்கியோடு தெருவில் நிற்பவர்கள் இரண்டாயிரம்தான்.

ஆயிரத்துக்கு இருபது என்ற அந்தக் கணக்கில் உள்ளூர்ப் போலீசும் சேர்த்தி. சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது. நம் பக்கம் வேலை செய்ய உள்ளூர்க்காரர்கள் கிடைத்தால் அந்நிய வீரர்கள் குறைந்த எண்ணிக்கையில் போதும். கிடைக்காவிட்டால் எவ்வளவு கொண்டுவந்தாலும் பற்றாது. இரண்டாம் உலகப் போரில் முப்பது லட்சம் பேரே வசித்த நார்வேயில் ஜெர்மனி மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட படையை முடக்கி வைத்திருந்தது. எதிர்ப்பாளர்களுக்கு அஞ்சி மட்டும் அல்ல, நேச நாடுகள் அங்கே கரையிறங்கிவிடுமோ என்ற பயம். எப்படியோ, அந்த மூன்று லட்சம் பேர் வேறெந்தப் போர்முனைக்கும் போக முடியாமல் கடைசி நாள் வரை அங்கேயே கிடந்தார்கள்.

கே: 2022-ல் உக்ரைன் தலைநகர் கீவுக்கு வெளியே ரஷ்ய வண்டிகள் நாள்கணக்கில் வரிசையாக நின்றதைப் பார்த்தோம். அவ்வளவு பெரிய ராணுவத்துக்கு டீசல் போடத் தெரியாதா?

ப: டீசல் போடுவதுதான் படையெடுப்பிலேயே கடினமான வேலை. அமெரிக்காவின் ஏப்ரம்ஸ் டாங்கி ஒரு முறை நிரப்ப ஏறக்குறைய 1,900 லிட்டர் குடிக்கும். அதை வைத்துக்கொண்டு நல்ல சாலையில் சுமார் 400 கிலோமீட்டர் ஓடும். சண்டையில் அதுவும் கிடையாது. நின்றுகொண்டு இயந்திரத்தை ஓட விட்டாலே எண்ணெய் இறங்கிக்கொண்டிருக்கும். இதே வரிசையில் குண்டு, தண்ணீர், உணவு, உதிரிபாகம், மருந்து என்று எல்லாம் வர வேண்டும்.

லாரிக் கணக்கைப் பாருங்கள். கிடங்கிலிருந்து முன்னணி 50 கிலோமீட்டரில் இருந்தால் ஒரு லாரி நாளுக்கு மூன்று நடை அடிக்கும். 150 கிலோமீட்டர் ஆனால் ஒரு நடை. 300 ஆனால் இரண்டு நாளைக்கு ஒரு நடை. படை முன்னேற முன்னேற, அதே லாரிகளால் கொண்டு வர முடிகிற சுமை குறைந்துகொண்டே போகும். வழியில் லாரி தானும் குடிக்கும், டயர் வெடிக்கும், ஓட்டுநர் தூங்கி விழுவார். வெற்றி பெறுகிற படையே தன் வேகத்தால் பட்டினி கிடக்கும். 1944 ஆகஸ்ட் இறுதியில் பிரான்சில் அமெரிக்கத் தளபதி பேட்டனின் டாங்கிகள் எதிரியால் நிற்கவில்லை, எண்ணெய் இல்லாமல் நின்றன. அதற்காகவே ‘ரெட் பால்’ என்ற பெயரில் ஒருவழிச் சாலை ஒதுக்கி, கிட்டத்தட்ட 6,000 லாரிகளை இரவு பகலாக ஓட்டினார்கள். உச்சநாளில் 12,500 டன் போய்ச் சேர்ந்தது. ஆகஸ்ட் 25-ல் தொடங்கியது நவம்பர் 16 வரை ஓடியது; அதற்குள் வண்டிகள் கந்தலாகிவிட்டன. பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகம் செப்டம்பர் 4-லேயே அதிகம் சேதமில்லாமல் கைக்கு வந்திருந்தும், கடலுக்குப் போகும் ஆற்றுக் கழிமுகத்தின் கரைகள் ஜெர்மானியர் கையில் இருந்ததால் முதல் சரக்குக் கப்பல் அணி உள்ளே வர நவம்பர் 28 ஆயிற்று. துறைமுகத்தைப் பிடித்துவிட்டு ஆற்றை விட்டதற்கு ஏறக்குறைய மூன்று மாத அபராதம்.

கீவ் விஷயத்துக்கு வருவோம். ரஷ்ய ராணுவம் ரயிலை நம்பியே கட்டப்பட்டது. தண்டவாளம் கையில் உள்ள இடங்களில் அது மலைமலையாகக் குண்டைக் கொண்டுபோய்க் கொட்டும். தண்டவாளத்தை விட்டு விலகினால் லாரி போதாது. முதல் நாளே கீவுக்கு அருகே ஹோஸ்டமெல் விமான நிலையத்தில் ஹெலிகாப்டரில் வீரர்களை இறக்கினார்கள். ஓடுதளத்தை உறுதியாகப் பிடித்து, பெரிய விமானங்களில் ஆளும் தளவாடமும் இறக்குவது திட்டம். ஓடுதளம் அப்படிக் கிடைக்கவில்லை. ஆகவே எல்லாச் சுமையும் சாலைக்கு வந்தது. பனி இளகும் பருவம், வண்டி தார்ச்சாலையை விட்டு இறங்கினால் சேற்றில் புதையும். உக்ரைனியர்கள் பாலங்களைத் தகர்த்தார்கள், அணையைத் திறந்து இர்பின் ஆற்றுப் படுகையை வெள்ளமாக்கினார்கள். முன்வண்டி நின்றால் பின்னால் வருவது எல்லாம் நிற்கும். அறுபது கிலோமீட்டருக்கு மேல் வரிசை அப்படித்தான் உருவானது. ஏப்ரல் தொடக்கத்தில் அந்தப் பகுதியிலிருந்தே விலகினார்கள்.

இதில் சப்ளையைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. சில நாளில் அரசாங்கம் ஓடிவிடும் என்று நம்பி, அதற்கேற்ற படையோடு போனார்கள். நாலு கோடிப் பேர் வாழும் நாட்டுக்கு இரண்டு லட்சத்துக்கும் குறைவான ஆட்கள். முந்தைய பதிலின் வாய்பாட்டைப் போட்டுப் பார்த்தால் எட்டு லட்சம் வருகிறது.

கே: கடல் தாண்டிப் போவது இன்னும் கடினமா? சீனா தைவானைப் பிடிக்குமா என்று அடிக்கடி செய்தி வருகிறதே.

ப: மிகக் கடினம். கப்பலிலிருந்து இறங்கும் முதல் சில மணி நேரம், ஒரு பெரிய படையும் சிறிய படைதான். படகு எத்தனை பேரைக் கொண்டுபோகிறதோ அவ்வளவே. பிரான்சின் நார்மண்டியில் நேச நாடுகள் 1944 ஜூன் 6 ஒரே நாளில் ஏறக்குறைய 1,56,000 பேரை இறக்க சுமார் 7,000 கப்பல்களும் படகுகளும் தேவைப்பட்டன. அதற்கு முன் வானத்தை முழுமையாகப் பிடித்திருந்தார்கள். துறைமுகம் உடனே கிடைக்காது என்று தெரிந்து இரண்டு செயற்கைத் துறைமுகங்களைத் துண்டு துண்டாக இழுத்துக்கொண்டு போனார்கள். ஜூன் 19-ல் எழுந்த புயல் அதில் ஒன்றை உடைத்தே போட்டது. ஷெர்பூர் துறைமுகத்தை மாதக் கடைசியில் பிடித்தபோது ஜெர்மானியர் அதைத் தகர்த்துவிட்டிருந்தார்கள்.

தைவான் நீரிணை குறுகலான இடத்திலேயே சுமார் 130 கிலோமீட்டர். பெரும் படை இறங்கக்கூடிய கடற்கரைகள் சிலவே, அவை எவை என்று காப்பவனுக்கும் தெரியும். கடல் ஓரளவு அடங்கியிருப்பது வசந்தத்தில் சில வாரம், இலையுதிர்காலத்தில் சில வாரம். அவ்வளவு கப்பல் ஒரே பக்கம் கூடினால் செயற்கைக்கோள் பார்த்துவிடும். திடீர்த் தாக்குதல் என்ற சௌகரியம் போய்விடும். கரை ஏறினாலும், 1915-ல் துருக்கியின் கலிபோலியில் நடந்ததுபோல், மேட்டில் இருப்பவன் மணலில் இருப்பவனை மாதக்கணக்கில் அங்கேயே பூட்டி வைக்க முடியும். நடக்காது என்று சத்தியம் செய்ய முடியாது. தோற்றால் திரும்பி வரப் பாதை இல்லாத பந்தயம் அது.

கே: எதற்கு ஆளை அனுப்ப வேண்டும்? விமானத்தால் அடித்தே பணிய வைக்கலாமே?

ப: பணிய வைப்பது சில சமயம் நடக்கும். ஆள்வது நடக்காது. குண்டு வீச்சு விமானத்தால் ரேஷன் கொடுக்க முடியாது.

கே: ஈராக்கில் முதல் தவறு எது?

ப: பூட்டாத கதவுகள். பாக்தாத் விழுந்த வாரத்தில் அமைச்சகங்கள், மருத்துவமனைகள், அருங்காட்சியகம் எல்லாம் சூறையாடப்பட்டன. எண்ணெய் அமைச்சகத்துக்கு மட்டும் காவல் இருந்தது. ஊர் மக்கள் அதைக் கவனித்தார்கள். ஆயுதக் கிடங்குகளுக்குக் காவல் போட ஆளில்லை. அல் ககா என்ற ஒரே கிடங்கில் மட்டும் ஏறத்தாழ 377 டன் உயர்ரக வெடிமருந்து காணாமல் போனது. அடுத்த சில ஆண்டுகளில் சாலையோரக் கண்ணிவெடி செய்தவர்களுக்கு மூலப்பொருள் பஞ்சமே இருக்கவில்லை.

அடுத்தது மே மாதத்தில் அமெரிக்க நிர்வாகம் போட்ட இரண்டு உத்தரவுகள். முதலாவது, சதாம் உசேனின் ஆளுங்கட்சியாக இருந்த பாத் கட்சியின் மேல்படிநிலைகளில் இருந்தவர்களை அரசு வேலையிலிருந்து நீக்கியது. இரண்டாவது, ராணுவத்தைக் கலைத்தது. முதலாவதால் மின்நிலையம், மருத்துவமனை, பள்ளி நடத்தத் தெரிந்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள். அந்தக் கட்சியில் சேராமல் அங்கே பதவி உயர்வே கிடைத்திராது. இரண்டாவதால் துப்பாக்கி பிடிக்கத் தெரிந்த சில லட்சம் ஆண்கள் ஒரே நாளில் சம்பளமும் மரியாதையும் இழந்தார்கள், துப்பாக்கியை மட்டும் இழக்கவில்லை. 2007-க்குப் பிறகு நிலைமை தணிந்ததற்குக் கூடுதல் படை ஒரு காரணம் என்றால், முன்பு எதிர்த்துச் சுட்டவர்களையே சுமார் ஒரு லட்சம் பேரை மாதம் 300 டாலரை ஒட்டிய சம்பளத்தில் காவலுக்கு எடுத்தது இன்னொரு காரணம். முதல் மாதத்திலேயே கொடுத்திருக்க வேண்டிய சம்பளம்.

கே: அப்படியானால் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் எப்படிச் சாத்தியமாயிற்று?

ப: இதை உதாரணமாகக் காட்டித்தான் பல படையெடுப்புகளுக்கு ஆதரவு தேடினார்கள். ஆனால் அந்த இரண்டும் விதிவிலக்கு. தலைமையே முறைப்படி சரணடைந்தது. மக்கள் பல ஆண்டுப் போரில் களைத்து, நகரங்கள் இடிந்து கிடந்தன. இனி எதிர்த்துப் பயனில்லை என்பதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஜப்பானில் பேரரசரையே நீடிக்க விட்டு, அமைச்சகங்களையும் கணக்கர்களையும் அப்படியே வைத்து, அவர்கள் வழியாகவே அமெரிக்கத் தளபதி மக்கார்தர் உத்தரவு போட்டார். ராணுவத்தைக் கலைத்தார்கள்தான், ஆனால் அந்தக் கலைப்பு வேலையை ஜப்பானிய அதிகாரிகளே பட்டியல் போட்டுச் செய்தார்கள். உணவு கப்பலில் வந்தது. 1952 ஏப்ரல் 28-ல் ஆக்கிரமிப்பு முடிந்தது. மேற்கு ஜெர்மனியில் இன்னொரு காரணமும் உண்டு: கிழக்கே சோவியத் படை நின்றது. அதைப் பார்த்தவனுக்கு அமெரிக்கன் அக்கம்பக்கத்தான் மாதிரித் தெரிந்தான்.

கே: சில ஆயிரம் கெரில்லாக்களை லட்சம் பேர் கொண்ட ராணுவத்தால் ஏன் ஒழிக்க முடிவதில்லை?

ப: ஒழித்ததும் உண்டு. மலாயாவில் 1948 முதல் 1960 வரை பிரிட்டன் செய்தது அதுதான். அங்கே கிளர்ச்சியாளர் உச்சத்தில் ஏழெட்டாயிரம் பேர். பெரும்பாலும் சீனச் சிறுபான்மையினர், ஆகவே மலாய்ப் பெரும்பான்மை அவர்களோடு சேரவில்லை. வடக்கே தாய்லாந்து எல்லையைத் தவிர நில எல்லை இல்லை, ஆயுதம் அனுப்ப வெளியே ஆளும் இல்லை. காட்டோரத்தில் வசித்த நாலைந்து லட்சம் பேரை வேலியிட்ட புதுக் கிராமங்களுக்கு மாற்றி, காட்டுக்குள் அரிசி போகும் வழியை அடைத்தார்கள், கடுமையான நடவடிக்கை. எல்லாவற்றுக்கும் மேலாக, 1957-ல் சுதந்திரமே கொடுத்துவிட்டார்கள். ‘அந்நியனை விரட்டு’ என்ற கோஷத்துக்கு அதற்குப் பிறகு வேலை இல்லை. நாட்டை விட்டுக் கொடுத்துத்தான் போரை வென்றார்கள் என்பதைக் கவனியுங்கள்.

வியட்நாமிலும் ஆப்கானிஸ்தானிலும் இந்த நிபந்தனை எதுவும் இல்லை. வியட்நாமில் ஆளும் ஆயுதமும் வர லாவோஸ், கம்போடியா வழியே ஹோ சி மின் பாதை. ஆப்கானிஸ்தானில் சோவியத்துக்கும் பிறகு அமெரிக்காவுக்கும் பாகிஸ்தான் எல்லை தலைவலி. அடி வாங்கியவன் எல்லை தாண்டிப் போய் ஆறு மாதம் தேறிவிட்டு வருவான். வியட்நாமில் 1969-ல் அமெரிக்க வீரர்கள் ஐந்து லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேல். எண்ணிக்கை பற்றவில்லை என்று அங்கே யாரும் சொல்ல முடியாது.

கே: இரக்கம் காட்டுவதால்தான் தோற்கிறார்கள். ஈவிரக்கமின்றி நடந்தால்?

ப: பலித்ததும் உண்டு என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பால்டிக் நாடுகளில் காட்டுக்குள் இருந்து போராடியவர்களை சோவியத் ஒன்றியம் நசுக்கியது. 1949 மார்ச்சில் மட்டும் 90,000-க்கும் மேற்பட்ட சாதாரண மக்களை சைபீரியப் பக்கம் ரயிலேற்றியது. அதற்கு வேண்டியது நிலத் தொடர்பு, உள்ளூர்க் கட்சி, உளவுத் துறை, வெளியுலகம் பார்க்க முடியாத மூடிய எல்லை, அவசரமே இல்லாத அரசு. அப்படியும் 1991 வரைதான் தாங்கியது. கிழக்குத் தைமூரில் 1975 டிசம்பரில் இறங்கிய இந்தோனேசியாவின் ஆட்சியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பசியாலும் வன்முறையாலும் இறந்தார்கள். 1999 ஆகஸ்டில் வாக்கெடுப்பு வைத்தபோது 78.5 சதவீதம் பேர் பிரிந்து போகவே வாக்களித்தார்கள்.

கே: பிடித்த நாட்டில் படை என்ன வேண்டுமானாலும் செய்யலாமா? சட்டம் கிடையாதா?

ப: 1907 ஹேக் விதிகளின் 42-வது பிரிவுப்படி, எதிரிப் படையின் அதிகாரம் நடைமுறையில் செல்லுபடியாகும் இடமே ஆக்கிரமிப்புப் பகுதி, கொடி ஏற்றினால் மட்டும் போதாது. 43-வது பிரிவு, பொது ஒழுங்கைக் காக்க வேண்டும், தவிர்க்கவே முடியாவிட்டால் ஒழிய உள்ளூர்ச் சட்டத்தை மாற்றக் கூடாது என்கிறது. 1949-ன் நான்காம் ஜெனீவா ஒப்பந்தத்தில் 49-வது பிரிவு மக்களை நாடு கடத்துவதையும், தன் நாட்டு மக்களைக் கொண்டுவந்து குடியேற்றுவதையும் தடுக்கிறது. 55-வது பிரிவு உணவும் மருந்தும் கிடைக்கச் செய்யும் பொறுப்பைப் படையின் தலையில் வைக்கிறது. மீறியவர்கள் பட்டியல் நீளம். ஆனால் பின்னாளில் நஷ்டஈடும் வழக்கும் இந்த எண்களை வைத்தே நடக்கின்றன.

கே: ட்ரோன் வந்த பிறகு யாருக்கு லாபம்?

ப: இப்போதைக்கு எதிர்ப்பவனுக்கு. மலிவான ட்ரோன் ஒன்று பல மடங்கு விலையுள்ள டாங்கியை உடைக்கிறது. அதைவிட முக்கியம், முன்னணிக்குப் பின்னால் வெகுதூரம்வரை சப்ளை லாரியைத் தேடிப் போகிறது. மேலே சொன்ன லாரிக் கணக்கு இன்னும் மோசமாகும். ஆனால் ஊருக்குள் கண்காணிக்க நினைக்கும் ஆக்கிரமிப்பாளன் கையிலும் அதே ட்ரோன் இருக்கிறது.

கே: வெளியேறும்போது உள்ளூர் அரசிடம் ஒப்படைத்துவிட்டு வருவதில் என்ன சிக்கல்? காபூல் ஏன் அவ்வளவு சீக்கிரம் விழுந்தது?

ப: ஒப்பிட ஒரு முன்னுதாரணம் அதே ஊரில் இருக்கிறது. சோவியத் படை 1989 பிப்ரவரி 15-ல் ஆப்கானிஸ்தானை விட்டுப் போனது. அவர்கள் ஆதரித்த அதிபர் நஜிபுல்லாவின் அரசு சில மாதத்தில் விழும் என்றார்கள். மூன்று ஆண்டுக்கு மேல் நின்றது. காரணம், மாஸ்கோவிலிருந்து எண்ணெயும் குண்டும் பணமும் தொடர்ந்து வந்தன. 1991 முடிவில் சோவியத் ஒன்றியமே கலைந்து அந்தக் குழாய் அடைபட்டதும், 1992 ஏப்ரலில் அரசு போயிற்று.

2021-ல் நடந்தது வேறு. அமெரிக்காவின் கடைசி விமானம் கிளம்பியது ஆகஸ்ட் 30. காபூல் விழுந்தது அதற்கும் முன்பே, ஆகஸ்ட் 15. இருபது ஆண்டில் ஆப்கன் படையை அமெரிக்கப் பாணியில் கட்டியிருந்தார்கள்: தூரத்துச் சாவடிகளுக்குச் சோறும் தோட்டாவும் விமானத்தில் போகும், காயம்பட்டவன் விமானத்தில் வருவான். ஆனால் அந்த விமானங்களைப் பழுது பார்த்தவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டு ஒப்பந்தத் தொழிலாளர்கள். படையோடு சேர்ந்து அவர்களும் கிளம்பினார்கள். நவீன ஹெலிகாப்டரைப் பறக்க வைப்பது விமானி பாதி, ஸ்பேனர் பிடிப்பவர் பாதி. ஹெலிகாப்டர்கள் ஒவ்வொன்றாகத் தரையில் உட்கார, மலைச் சாவடியில் இருந்தவனுக்குத் தோட்டா வரவில்லை. பல இடங்களில் மாதக்கணக்கில் சம்பளமும் வரவில்லை. தாலிபான்கள் ஊர்ப் பெரியவர்களை அனுப்பி, ‘துப்பாக்கியை வைத்துவிட்டு வீட்டுக்குப் போ’ என்றார்கள். போனான்.